கல்லும் பெயரும் புழக்கமும்: கடல்கடந்த இல்ல அலங்காரத்தில் மரபுக் கலப்பு – ஓசூர், கிருஷ்ணகிரி எல்லைநிலத்தை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

அயல்நாடுகளில் குடியேறிய இந்தியர் தம் இல்லங்களில் இந்திய மரபையும் மேலைநாட்டுப் பாணியையும் கலந்து அமைப்பது இல்ல அலங்காரத் துறையில் இன்று பெரிதும் பேசப்படுகிறது. இப்பேச்சில் மரபு என்பது வீட்டின் மேற்பரப்பில் வைக்கப்படும் பொருளாகவும், மேலைப்பாணி என்பது வீட்டின் அமைப்பாகவும் கொள்ளப்படுகின்றன. இப்பகுப்பு எதனைக் காட்டுகிறது, எதனை மறைக்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. நெடுநல்வாடையின் யவன விளக்கு, செட்டிநாட்டு வீடு, புலம்பெயர் தமிழர் இல்லம் ஆகியன ஒப்பிடப்படுகின்றன. தொடர்ந்து, கிருஷ்ணகிரி மாவட்டக் கல் மேலைநாட்டு அடுக்களைகளில் தன் ஊர்ப்பெயரின்றி வழங்கும் நிலை சான்றாகக் காட்டப்படுகிறது. கலப்பை மதிப்பிடத் தோற்றம் மட்டும் போதாது. புழக்கம், பெயர், உழைப்பு ஆகிய மூன்றும் கருதப்பட வேண்டும் என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: இல்ல அலங்காரம், புலம்பெயர் இல்லம், நெடுநல்வாடை, செட்டிநாடு, கிருஷ்ணகிரி, ஓசூர், கருங்கல், புழங்குபொருள் பண்பாடு.

முன்னுரை

வீடு உறைவிடம் மட்டுமன்று. அதில் உறைவோர் தம்மை யாரெனக் கருதுகின்றனர் என்பதைப் பிறர்க்கும் தமக்கும் காட்டும் இடமும் அதுவே. பிறந்த மண்ணை விட்டு நீங்கியவர்க்கு இவ்விரண்டாம் பயன் மேலும் இன்றியமையாததாகிறது. இலண்டனிலோ டொராண்டோவிலோ வீடு வாங்கும் தமிழ்க் குடும்பம் பெரும்பாலும் அவ்வீட்டின் அறைப்பகுப்பையோ சாளரத்தின் திசையையோ தீர்மானிப்பதில்லை. அவை கட்டுநரால் முன்னரே தீர்மானிக்கப்பட்டவை. குடும்பத்தின் கைக்கு எஞ்சுவது உள்ளலங்காரமே. ஆகவே, மரபைப் பேணும் விருப்பம் அலங்காரத்தின் வழியாக வெளிப்படுவது இயல்பே.

எனினும் இவ்விருப்பத்திற்கு வழிகாட்டும் எழுத்துகளும் விற்பனைப் பட்டியல்களும் ஏறத்தாழ ஒரே வாய்பாட்டைப் பின்பற்றுகின்றன. வெளிர்நிறச் சுவர், நேர்கோட்டு இருக்கைகள், திறந்த அடுக்களை ஆகியன மேலைப்பாணி. அவற்றின் நடுவே ஒரு பித்தளை உருளி, பட்டுத் திண்டு, செதுக்கிய மரக்கதவு, ஒரு சிலை ஆகியன இந்திய மரபு. முன்னது பின்புலமாகவும் பின்னது அப்பின்புலத்தில் கண்ணைக் கவரும் வண்ணப் புள்ளியாகவும் கொள்ளப்படுகின்றன. இவ்வாய்பாட்டில் மேலைப்பாணிக்குப் பயனும், இந்திய மரபுக்குத் தோற்றமும் ஒதுக்கப்பட்டிருப்பதைக் காணலாம்.

இவ்வொதுக்கீட்டைச் சோதிப்பதற்கு ஏற்ற நிலம் ஓசூர், கிருஷ்ணகிரி எல்லைப் பகுதியாகும். 2004 பிப்ரவரி 9 அன்று தருமபுரி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டுக் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் வழங்கும் இந்நிலத்தில் 'இந்திய மரபு' என்னும் ஒற்றைச் சொல் தொடக்கத்திலேயே தடுமாறுகிறது. 1970களில் சிப்காட் வழியே தொழிற்பேட்டையாக வளர்ந்த ஓசூர், பெங்களூருவின் அண்மையால் அயல்நாட்டு வேலைக்குச் செல்வோரின் ஊராகவும், அவர்கள் திரும்பி வந்து வீடு வாங்கும் ஊராகவும் ஆகியுள்ளது. மேலைநாட்டு வீடுகளின் அடுக்களையை அணிசெய்யும் கல்லும் இம்மாவட்டத்திலிருந்து வெட்டி அனுப்பப்படுகிறது. ஆகவே கலப்பின் இருமுனைகளையும் ஒரே நிலத்தில் வைத்துக் காண இயலும்.

நெடுநல்வாடையில் இரு விளக்குகள்

தமிழர் இல்லத்தில் மேலைநாட்டுப் பொருள் இடம்பெறுவது அண்மைக்கால நிகழ்வன்று. நக்கீரர் பாடிய நெடுநல்வாடை, பாண்டியன் அரண்மனையில் யவனர் செய்த பாவை விளக்கு ஒன்றைக் காட்டுகிறது. அப்பாவை கையில் ஏந்திய அகலில் நெய் சொரிந்து பருத்த திரிகள் கொளுத்தப்படுகின்றன. பெரும்பாணாற்றுப்படை, யவனரின் அன்ன விளக்கை உவமையாகவே ஆள்கிறது. கேட்போர் அறியாத பொருளைப் புலவர் உவமையாக்குவதில்லை. எனவே இத்தகு விளக்குகள் அக்காலத் தமிழ்ச் செவிக்கு அயன்மை நீங்கியவை எனலாம்.

நெடுநல்வாடையில் இந்த யவன விளக்கு மட்டும் இடம்பெறவில்லை என்பது ஈண்டுக் கருதத்தக்கது. அதே பாடலின் முற்பகுதியில், மழைக்கால மாலைப்பொழுதை மலரும் அரும்பின் மணத்தால் உணர்ந்த ஊர்மகளிர் இரும்பு விளக்கில் திரி கொளுத்தி, நெல்லும் மலரும் தூவித் தொழுகின்றனர். ஊரார் இல்லத்தில் இரும்பு விளக்கு. அரசியின் இல்லத்தில் யவன விளக்கு. ஒன்று உள்ளூர்க் கொல்லன் கையது. மற்றொன்று கடல்கடந்த கையது. இரண்டும் எரிகின்றன. யவன விளக்கு காட்சிக்கு வைக்கப்பட்ட பொருளன்று. வாடைக்காலத்து இருளை நீக்கும் பொருள். ஒளி மழுங்கும்போதெல்லாம் தூண்டப்படும் பொருள்.

அவ்விளக்கு நிற்கும் மனை எவ்வாறு எழுந்தது என்பதையும் அப்பாடல் கூறுகிறது. கதிரவனின் நிழல் எப்பக்கமும் சாயாத நண்பகலில் திசைகள் அறிந்து, கயிறு பிடித்து அளந்து, நூல்வல்லோர் மனை வகுக்கின்றனர். மனையின் இலக்கணம் உள்நாட்டு மரபினது. அதனுள் வந்த விளக்கு வெளிநாட்டது. வந்த பொருள் இருந்த அமைப்புக்குள் பணி ஏற்றது. இதனைக் கலப்பின் முதல் வகையாகக் கொள்ளலாம்.

செட்டிநாட்டு வீடு: வெளிப்பொருளும் உள்ளமைப்பும்

இம்முதல் வகை பெருமளவில் மீண்டும் தோன்றிய இடம் செட்டிநாடு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை பர்மா, மலாயா, இலங்கை ஆகிய நாடுகளில் கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தார், பர்மாத் தேக்கையும் இத்தாலியப் பளிங்கையும் பெல்ஜியக் கண்ணாடியையும் அயல்நாட்டுச் சுவரோடுகளையும் தம் ஊர்களுக்குக் கொணர்ந்தனர். முகப்பின் தூண்களிலும் சுதை உருவங்களிலும் ஐரோப்பியச் சாயல் வெளிப்படையாகத் தெரிகிறது.

ஆயின் அவ்வீடுகளின் அமைப்பு சிறிதும் ஐரோப்பியமன்று. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என ஒரே நேர்க்கோட்டில் தெருவிலிருந்து பின்தெரு வரை வீடு நீள்கிறது. வானம் பார்த்த வளவைச் சுற்றி அமையும் அறைகள், மணமான ஒவ்வொரு மகனின் குடும்பமும் தனிப்புள்ளியாகக் கணக்கிடப்படும் நகரத்தார் வழக்கத்திற்கு ஏற்பப் பகுக்கப்பட்டவை. திருமணமும் படைப்பும் நிகழும் இடம் வளவு. பெல்ஜியக் கண்ணாடி அவ்வழக்கத்தை மாற்றவில்லை. அதற்கு ஒளி சேர்த்தது. வெளிப்பொருளின் தூண்டுதலால் உள்ளூர்த் தொழில் ஒன்றும் தோன்றியது. ஐரோப்பியத் தரையோட்டின் அழகை, சூளையில் சுடாமல், கண்ணாடிப் பலகையின் மீது வண்ணச் சாந்து வார்த்து, நீரில் ஊறவைத்துப் பெறும் ஆத்தங்குடிக் கல் அவ்வாறு உருவானதே.

இவ்வீடுகளின் இன்றைய நிலையும் ஆய்வுக்குரியது. 1942இல் பர்மா ஜப்பானியர் வசமான பின்னர் நகரத்தாரின் கடல்கடந்த செல்வம் தளர்ந்தது. பேணுவார் இன்றிப் பல வீடுகள் இடிக்கப்பட்டன. அவற்றின் கதவுகளும் தூண்களும் நிலைகளும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் குவிந்து, அங்கிருந்து பெருநகரங்களுக்கும் அயல்நாடுகளுக்கும் செல்கின்றன. செட்டிநாட்டுச் சிற்றூர்த் தொகுதி 2014இல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றது. அப்பட்டியலில் சேர்க்கப்பட்டது ஓர் ஊரமைப்பு. கடையில் விற்கப்படுவது அவ்வமைப்பிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்ட கதவு. கண்ணாடி பொருத்திய தேநீர் மேசையாக மாறி மேலைநாட்டுக் கூடத்தில் கிடக்கும் செட்டிநாட்டுக் கதவு மரபைக் காப்பதாகப் பாராட்டப்படுகிறது. அது கதவாக நின்ற வீடு இல்லாமற் போனதை அப்பாராட்டு கணக்கில் கொள்வதில்லை.

புலம்பெயர் இல்லம்: விகிதம் தலைகீழாதல்

செட்டிநாட்டில் அமைப்பு உள்ளூரினது, மேற்பரப்பு அயலது. இன்றைய புலம்பெயர் இல்லத்தில் அமைப்பு அயலது, மேற்பரப்பு உள்ளூரினது. இத்தலைகீழ் மாற்றமே 'கலப்பு' என்னும் சொல்லால் மறைக்கப்படுகிறது. இரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பது, விருந்தினரை அழைத்தவரையும் விருந்தாளியாகச் சென்றவரையும் ஒருவரெனக் கொள்வதற்கு ஒப்பாகும்.

இம்மாற்றத்தின் விளைவுகள் அன்றாடப் புழக்கத்தில் புலனாகின்றன. உருளி, பெருங்குடும்பத்திற்குப் பாயசம் காய்ச்சும் அடிகனத்த கலம். புலம்பெயர் இல்லத்தின் நுழைவாயிலில் அது நீரும் மிதக்கும் மலரும் தாங்கும் தட்டமாகிறது. பல்லாங்குழிப் பலகை தேநீர் மேசையின் மீது அசையாது கிடக்கிறது. வாசலில் நாள்தோறும் இடப்பட்டு நாள்தோறும் அழியும் கோலம், அடுக்ககத்தின் பொதுநடைவழியில் மாவு சிந்தலாகாது என்பதால் ஒட்டுப்படமாகிறது. புவிசார் குறியீடு பெற்ற நாச்சியார்கோவில் குத்துவிளக்கு கூடத்தின் மூலையில் நிற்கிறது. ஆயினும் கூரையில் பொருத்திய புகையுணர் கருவி ஒலிக்கும் என்னும் அச்சத்தால் ஐந்து முகமும் ஏற்றப்படுவது அரிதாகிறது. நெடுநல்வாடையின் யவன விளக்கு தமிழ் இல்லத்தில் எரிந்தது. மேலை இல்லத்தில் தமிழ் விளக்கு பெரும்பாலும் அணைந்தே நிற்கிறது.

இதனைப் புலம்பெயர்ந்தோரின் குறையாகக் கருதுதல் பொருந்தாது. வாடகை ஒப்பந்தம், தீக்காப்பு விதி, குளிர்நாட்டு மூடிய சாளரம், மரச்சட்டகச் சுவர் ஆகியன வகுத்த எல்லைக்குள் அவர்கள் இயங்குகின்றனர். எல்லை தளரும் இடத்தில் அவர்கள் அமைப்பையே மாற்றியதற்கும் சான்றுண்டு. கனடாவில் தெற்காசியர் மிகுந்து வாழும் பகுதிகளில், திறந்த அடுக்களைக்குப் பின்னே கதவுடன் கூடிய இரண்டாம் சமையலறை ஒன்றைக் கட்டுநர்கள் அமைத்துத் தருகின்றனர். தாளிப்பின் நெடி கூடத்தில் பரவாதிருக்க எழுந்த இவ்வறை, மசாலா அடுக்களை என்னும் பொருள்படும் பெயரால் வீட்டு விற்பனையில் வழங்குகிறது. செட்டிநாட்டு இரண்டாம் கட்டுக்கு அப்பாலுள்ள அடுப்படியின் தேவை பனிநாட்டு வீட்டின் வரைபடத்தில் மீண்டும் தோன்றியிருப்பதை இங்குக் காணலாம். இது கண்ணுக்கு அழகான கலப்பன்று. அலங்கார எழுத்துகள் இதனைப் படம்பிடிப்பதும் இல்லை. மரபு அமைப்பைத் தொட்ட இடம் என்பதால் இதுவே ஆய்வாளரின் கருத்தை ஈர்க்க வேண்டியது.

எல்லைநிலத்தில் மேலை வடிவம்

ஓசூர்ப் பகுதி மேலை வடிவத்தை மூன்று வேறுபட்ட முறைகளில் எதிர்கொண்டுள்ளது. முதலாவது, 19ஆம் நூற்றாண்டில் சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த பிரெட் என்பவரின் பெயரால் வழங்கும் கோட்டை. இங்கிலாந்தின் கெனில்வொர்த் கோட்டையை நினைந்து எழுப்பப்பட்ட இம்மாளிகை, தாயகத்தின் தோற்றத்தை அயல்நிலத்தில் அப்படியே நிறுவும் முயற்சியாகும். ஊரை விட்டு வந்தவர் ஊரின் தோற்றத்தை உடன்கொண்டு வர விரும்புவது தமிழர்க்கு மட்டும் உரிய ஏக்கமன்று என்பதற்கு இது சான்று. ஆட்சியாளரிடம் அவ்வேக்கம் கோட்டையாக எழுந்தது; குடியேறியவரிடம் உருளியாகச் சுருங்குகிறது. வேறுபாடு ஏக்கத்தில் இல்லை, அதிகாரத்தில் உள்ளது. அக்கோட்டை இன்று சிதைந்து கிடக்கிறது. ஓசூர் மக்களின் வீடுகளில் அதன் வடிவம் எதனையும் விட்டுச்செல்லவில்லை.

இரண்டாவது, டைட்டன் நிறுவன ஊழியர்க்கென ஓசூர்ப் பகுதியில் சார்லஸ் கொரியா வடிவமைத்த குடியிருப்பு. மேலைநாட்டு நவீனக் கட்டடக்கலையில் பயின்ற கொரியா, வெப்பநாட்டு வாழ்வில் வானம் பார்த்த வெளியே ஓர் அறைக்கு நிகரானது என்னும் கருத்தை வாழ்நாள் முழுதும் வலியுறுத்தியவர். அவர் சிந்தனையில் இந்திய மரபு அணிகலனாக ஒட்டப்படுவதில்லை. முற்றமும் மொட்டைமாடியும் நிழலும் திட்டத்தின் பகுதிகளாகவே கொள்ளப்படுகின்றன. கலப்பு வரைபடத்தில் நிகழும்போது அலங்காரத்திற்குச் சுமை குறைகிறது என்பது இதனால் பெறப்படும் கருத்து.

மூன்றாவது, அதே நிறுவனம் 1990களில் ஓசூரில் தொடங்கிய தனிஷ்க் நகைத் தொழில். மேலைச் சந்தையைக் கருதி 18 காரட் பொன்னில் அமைந்த நகைகளை உள்நாட்டுக் குடும்பங்கள் தயங்கியே நோக்கின. பின்னர் 22 காரட்டுக்கு மாறிய பிறகே அது வேரூன்றியது. நகை இல்ல அலங்காரமன்று. எனினும் இச்சான்று இங்குப் பொருந்தும். வடிவத்தில் மேலைச்சாயலை ஏற்ற குடும்பம், பொன்னின் மாற்றில் அதனை ஏற்கவில்லை. ஏனெனில் பொன் இங்கு அணி மட்டுமன்று. சேமிப்பும் சீரும் அடகுப்பொருளும் ஆகும். புழக்கத்தைத் தொடாத வரையில்தான் தோற்றக் கலப்பு எளிது என்பது இதனால் விளங்கும்.

கல்லின் பயணம்

இந்நிலத்தின் தலையாய பொருள் கல். சூளகிரியை அடுத்த மல்லசந்திரத்தில் பெருங்கற்காலக் கல்திட்டைகள் நிற்கின்றன. பலகைக் கற்களைச் சுவராகவும் கூரையாகவும் நிறுத்தி, இறந்தோர்க்கு எழுப்பிய வீடுகள் அவை. தமிழகத்தில் நடுகற்கள் மிகுந்த பகுதிகளுள் தருமபுரி, கிருஷ்ணகிரி நிலப்பரப்பும் ஒன்று. போரில் வீழ்ந்தோர்க்கும் ஆநிரை மீட்டு மாண்டோர்க்கும் கல் நடும் முறையைத் தொல்காப்பியம் ஆறு நிலைகளாகப் பகுத்துக் கூறுகிறது. கல்லைத் தேர்வது முதல் வாழ்த்துவது வரை ஒவ்வொரு நிலையிலும் மலையின் கல் ஊரின் கல்லாகிறது. அதன்மேல் வீரன் பெயரும் ஊர்ப்பெயரும் பொறிக்கப்படுகின்றன. பெயரே அதனைப் பாறையிலிருந்து வேறுபடுத்துகிறது. இல்லத்திலும் அம்மி, ஆட்டுக்கல், திருகை என இக்கல் நாள்தோறும் புழங்கியது.

இதே நிலத்தின் பாறைகள் இன்று பெருங்கட்டிகளாக அறுக்கப்படுகின்றன. நிலவியலாளர் இவற்றுள் பலவற்றை நைஸ் என வகைப்படுத்துவர். ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பேரழுத்தத்திலும் வெப்பத்திலும் உருமாறி, உருகிக் குழைந்து, அலையலையான வரிகள் பெற்ற பாறை இது. வணிகம் இதனைக் கிரானைட் என்னும் பொதுப்பெயரால் வழங்குகிறது. கிருஷ்ணகிரி, பர்கூர் வட்டாரங்களில் வெட்டப்படும் கட்டிகள் மாநில எல்லையைக் கடந்து பெங்களூருவை அடுத்த ஜிகணி போன்ற இடங்களின் ஆலைகளில் பலகைகளாக அறுக்கப்பட்டு மெருகேற்றப்படுகின்றன. கட்டிகளாகவே கப்பலேறுவனவும் உண்டு. 2 அல்லது 3 சென்டிமீட்டர் தடிமனுள்ள அப்பலகைகள் மேலைநாட்டு அடுக்களை மேடைகளாகின்றன.

அங்கு அக்கல்லின் பெயர் கிருஷ்ணகிரி என்றோ பர்கூர் என்றோ வழங்குவதில்லை. ஊதாவும் சாம்பலும் இழைந்த இவ்வட்டாரக் கல்லொன்று 'பாரடீசோ' எனப்படுகிறது. சொர்க்கம் எனப் பொருள்படும் இத்தாலியச் சொல் அது. மதுரைப் பகுதியில் கிடைக்கும் வெண்கல் 'காஷ்மீர் வொயிட்' என விற்கப்படுகிறது. கல் வணிகத்திலும் கல்லறுக்கும் பொறிகளிலும் இத்தாலியின் கர்ராரா, வெரோனா நகரங்கள் பெற்றிருந்த தலைமை இத்தாலியப் பெயர்களுக்கு மதிப்பூட்டியது. பனிமலையை நினைவூட்டும் வெண்மைக்குக் காஷ்மீரம் பொருத்தமாகத் தோன்றியது. இயற்கைக் கல்லுக்குப் பெயரிடுதல் குறித்த ஐரோப்பியத் தரநிலை (இ.என். 12440) வணிகப் பெயருடன் பாறையின் வகை, நிறம், தோன்றிய இடம் ஆகியவற்றையும் குறிக்க வேண்டும் என்கிறது. அத்தாள் கிடங்குவரை செல்கிறது. அடுக்களைவரை செல்வது அரிது.

இதன் விளைவு வியப்புக்குரியது. டொராண்டோவிலோ மில்டன் கீன்சிலோ ஒரு தமிழ்க் குடும்பம் தன் அடுக்களைக்கு 'பாரடீசோ' மேடை அமைத்து, அதனை வீட்டின் மேலைப்பகுதி எனக் கருதி, அதன்மேல் மரபுக்கு அடையாளமாக ஒரு பித்தளைச் செம்பை வைக்கக்கூடும். மரபு எனக் கருதப்படும் செம்பு நீர் மொள்ளப்படாமல் நிற்கிறது. மேலைப்பொருள் எனக் கருதப்படும் கல்லின் மீது நாள்தோறும் காய் அரியப்படுகிறது, மாவு பிசையப்படுகிறது. தாய்மண்ணிலிருந்து வந்து உண்மையில் புழங்கும் பொருள் அக்கல்லே. பெயர் மாறியதால் அதனைக் கண்டறிய இயலவில்லை.

அதே கல் ஐரோப்பியக் கல்லறைத் தோட்டங்களிலும் நினைவுக்கல்லாக நிற்கிறது. தென்னிந்தியக் கிரானைட் அங்குக் கல்லறைக் கற்களுக்குப் பரவலாகப் பயன்படுகிறது. நடுகல் மரபுள்ள நிலத்தின் கல், பிறநாட்டார் பெயர் தாங்கி, நினைவுக்கே பயன்படுவதில் ஒரு தொடர்ச்சி உள்ளது. ஆயின் அக்கல்லை வெட்டியவர் பெயர் எங்கும் பொறிக்கப்படுவதில்லை. நெதர்லாந்து இந்தியக் குழுவும் அதனோடு இணைந்த அமைப்பும் 2017இல் வெளியிட்ட அறிக்கை, தென்னிந்தியக் கிரானைட் குவாரிகளில் முன்பணக் கடனால் கட்டுண்ட உழைப்பையும், பாதுகாப்புக் கருவிகளின் போதாமையையும், கல்தூசியால் நேரும் நுரையீரல் நோயையும் சுட்டியது. கல்தூசியின் கேட்டை மேலைநாடுகள் அறியாமலில்லை. சிலிக்கா மிகுந்த செயற்கைக்கல் பலகைகளை வெட்டிய தொழிலாளர் பலர் சிலிக்கோசிஸ் நோயுற்றமையால், ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அவற்றைத் தடைசெய்தது. இயற்கைக்கல்லில் சிலிக்கா அளவு குறைவே எனினும், உலர்நிலையில் துளையிடுவோர்க்கும் அறுப்போர்க்கும் கேடு உண்டு. தன் எல்லைக்குள் வெட்டுவோரின் மூச்சைக் கருதிய சட்டம், தன் அடுக்களைக்கு வரும் கல்லை வெட்டுவோரின் மூச்சைக் கருதும் நிலை இன்னும் உருவாகவில்லை.

மறுப்பும் விளக்கமும்

மேற்கண்ட கருத்துக்கு ஒரு வலுவான மறுப்பு எழலாம். பொருள்கள் காலந்தோறும் பயன்மாறுவது இயல்பு. உருளியில் மலர் மிதப்பதை இழப்பு எனக் கூறுவது பழமையை உறையவைக்கும் நோக்கு. மேலும், அம்மியின் புழக்கத்தைப் போற்றுவோர் அப்புழக்கம் யாருடைய தோளை வருத்தியது என்பதை மறத்தலாகாது. அம்மியும் ஆட்டுக்கல்லும் திருகையும் பெண்களின் ஊதியமற்ற உழைப்பில் இயங்கியவை. ஆட்டுக்கல் தோட்டத்து அலங்காரமானது ஒரு வகையில் பெண்களின் விடுதலை.

இம்மறுப்பின் இரண்டாம் பகுதியை முழுமையாக ஏற்க வேண்டும். பழம்புழக்கத்திற்குத் திரும்புதல் இக்கட்டுரையின் பரிந்துரையன்று. ஆயின் பழம்புழக்கத்திற்கும் வெறும் காட்சிக்கும் இடையே மூன்றாவது வழி ஒன்றுண்டு என்பதைத் தமிழர் அடுக்களையே காட்டியுள்ளது. புவிசார் குறியீடு பெற்ற கோயம்புத்தூர் மாவரைக்கும் பொறி அதற்குத் தக்க சான்று. மேலைநாட்டு மின்னோடியும் தமிழகத்து ஆட்டுக்கல்லும் ஒரே கலனில் இணைந்தன. கல் நீங்கவில்லை, கை நீங்கியது. மேசைமீது வைக்கத்தக்க சிறுவடிவில் அது கடல்கடந்து, புலம்பெயர் இல்லங்களில் தோசைமாவை இன்றும் அரைக்கிறது. இந்திய மரபும் மேலைத் தொழில்நுட்பமும் கலந்த இல்லப்பொருள் ஒன்றைக் காட்டுக எனின், இதனையே முதலில் காட்ட வேண்டும். எனினும் விருந்தினர் வருமுன் அலமாரியில் மறைக்கப்படும் பொருளாகவும் இது உள்ளது. கலப்பு பற்றிய பேச்சு கண்ணுக்கு முதலிடம் தந்ததன் விளைவு இது.

முதற்பகுதியைப் பொறுத்தவரை, பயன்மாற்றம் வேறு, பயனழிவு வேறு. ஊஞ்சற் பலகை இருக்கையாவது பயன்மாற்றம். சுவரில் தொங்குவது பயனழிவு. பயனழிந்த பொருளும் நினைவைச் சுமக்கும் என்பது உண்மையே. தாயின் செம்பு நீர் மொள்ளாவிடினும் தாயை நினைவூட்டும். ஆயின் கடையில் வாங்கிய செம்புக்கு அந்நினைவு இல்லை. இரண்டையும் 'மரபு' என்னும் ஒரே விலைச்சீட்டின் கீழ் வைப்பதே இங்கு மறுக்கப்படுகிறது.

இவற்றின் அடிப்படையில், இல்ல அலங்காரத்தில் கலப்பை மதிப்பிட மூன்று வினாக்களை முன்வைக்கலாம். ஒன்று, புழக்கம்: அப்பொருள் அவ்வீட்டில் எதனைச் செய்கிறது? இரண்டு, பெயர்: அது தன் ஊரையும் வகையையும் அறியும் வழியுடன் வழங்குகிறதா? மூன்று, உழைப்பு: அதனைச் செய்தோர் அல்லது வெட்டியோர் நிலை அதனை வாங்குவோர் அறியத்தக்கதாக உள்ளதா? யவன விளக்கு முதல் இரு வினாக்களுக்கும் விடை தருகிறது. செய்தோர் இனத்தின் பெயரைப் பாடலே பதிந்து வைத்துள்ளது. செட்டிநாட்டுக் கண்ணாடியும் தன் நாட்டுப்பெயருடனேயே வழங்குகிறது. பெயர்த்தெடுத்த கதவு பெயரை மட்டும் தக்கவைக்கிறது. கிருஷ்ணகிரிக் கல் புழக்கத்தைப் பெற்றுப் பெயரையும் உழைப்பையும் இழக்கிறது.

முடிவுரை

இந்திய மரபும் மேலைப்பாணியும் கலந்த இல்லம் என்னும் கருத்தாக்கம், மரபைத் தோற்றமாகவும் மேலைப்பாணியைப் பயனாகவும் பகுத்து நிற்கிறது. தமிழ் இலக்கியமும் கட்டட வரலாறும் இப்பகுப்பை ஏற்கவில்லை. சங்ககால மனையும் செட்டிநாட்டு வளவும் அயற்பொருளைப் புழக்கத்திற்குள் ஏற்றன. புலம்பெயர் இல்லத்தில் இவ்வுறவு தலைகீழானதற்குக் குடும்பங்களின் விருப்பத்தைவிட அவற்றிற்குக் கிடைத்த வீட்டின் அமைப்பே காரணம். அவ்வமைப்பு இடந்தரும்போது மசாலா அடுக்களையும் மாவரைக்கும் பொறியும் போன்ற உண்மையான கலப்புகள் தோன்றுகின்றன.

ஓசூர், கிருஷ்ணகிரி எல்லைநிலம் இவ்வாய்வுக்கு ஒரு திருத்தத்தையும் சேர்க்கிறது. மேலை இல்லத்தில் தமிழ் மண்ணின் பங்கு உருளியோடும் விளக்கோடும் முடிவதில்லை. அதன் அடுக்களை மேடையிலும் அது உள்ளது. வணிகப் பெயர்களுக்கும் அவற்றின் மூல ஊர்களுக்கும் தமிழில் ஓர் அகராதி தொகுக்கப்படுமாயின், புழங்குபொருள் ஆய்வுக்கும் கல்லுடைக்கும் தொழிலாளர் பற்றிய ஆய்வுக்கும் அது ஒருசேரப் பயன்படும். நடுகற்களைப் படித்துப் பெயர்களை மீட்ட ஆய்வுமரபு இந்நிலத்தில் ஏற்கெனவே உண்டு. அம்மரபு, கப்பலேறிய கற்களின் பெயர்களையும் மீட்கும் பணியை மேற்கொள்ளத்தக்கது.